ஏரோப்ளேன் தட்டில் வெட்டிய பெயர்

சங்கரன்கோவிலில் எழுபதுகளில் கல்யாணம் ஆன பெண்களில் பாதிப் பேர் வீட்டுப் பரணில் காசிராஜன் அண்ணாச்சியின் எழுத்து இருக்கிறது. சுவாமி சன்னதித் தெருவில் பரமசிவன் முதலாளியின் பாத்திரக் கடை வாசலில், சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்து, சின்ன உளியும் சுத்தியலுமாக டொக் டொக்கென்று பெயர் வெட்டிக்கொண்டிருந்தவர் அவர்தான். குடமோ அண்டாவோ குத்துவிளக்கோ, சீருக்கு வாங்கினால் பெண்ணின் பெயரை வெட்டாமல் எங்கள் ஊரில் யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். என் பாத்திரங்களிலும் அவர் வெட்டிய எழுத்துதான். கோமதித்தாய் என்பது நீளமான பெயர். டம்ளரில் இடம் பத்தாமல் கடைசி எழுத்து அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டு போய்விட்டது. அதைச் சொல்லி அவரிடம் நான் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன்.

பெயர் வெட்டுவது அழகுக்கு என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். அழகும் இல்லை, மண்ணும் இல்லை. நாளைக்குப் பெண் வாழாமல் திரும்பி வந்தாலோ, பிள்ளை இல்லாமல் செத்துப்போனாலோ, சீர் சாமான் பெண் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அன்றைக்கு எது யாருடையது என்று தெரிவதற்குத்தான் பெயர். கல்யாண வீட்டில் மேளம் கொட்டும்போதே சாவுக்கும் சேர்த்து யோசித்து வைத்திருப்பார்கள் நம் ஆட்கள். அவ்வளவு விவரம்.

கல்யாணமாகி நான் குடிவந்த வளவில் அடுத்த வீடே அண்ணாச்சி வீடாக அமைந்தது. வளவு என்றால் நடுவில் முற்றமும் கிணறும், சுற்றி ஒட்டி ஒட்டி வீடுகளும். இந்த வீட்டில் மிளகாய் வறுத்தால் அந்த வீட்டில் தும்முவார்கள். என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். எனக்கோ பேசாமல் இருந்தால் சோறு இறங்காது. அதனால் அண்ணாச்சியின் மனைவி முப்பிடாதி மதினிதான் எனக்கு எல்லாமாக இருந்தாள். ஒல்லியாக, கறுப்பாக, சிரித்தால் ஈறு தெரிய இருப்பாள். அவளை மாதிரி ஒரு மனுஷியை அப்புறம் நான் பார்க்கவில்லை.

அவர்கள் கல்யாணக் கதையை அவள் சொல்லித்தான் கேட்க வேண்டும். பனவடலிசத்திரத்திலிருந்து அவள் அப்பா சீர்ப் பாத்திரம் வாங்க வந்தது பரமசிவன் கடைக்கு. அங்கே பெயர் வெட்டுகிறவரே மாப்பிள்ளை. வேறு யாரிடம் போய்க் கொடுப்பது? பெண்ணை அவர் ஒரே ஒரு தடவை பார்த்திருந்தார். அதிலும் காபி கொண்டுவந்த கையைத்தான் பார்த்தாராம். ஆனால் பெயரை அண்டாவிலிருந்து கரண்டி வரைக்கும் வெட்டித் தள்ளிவிட்டார்.

“ஆளப் பாக்கதுக்கு முன்னாடியே பேரு மனப்பாடம் ஆயிட்டு எங்க வீட்டு மனுசருக்கு” என்று மதினி சிரிப்பாள்.

எல்லாப் பெண்களுக்கும் அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுத்தான் வெட்டுவார்கள். இவளுடையதில் மட்டும் அண்ணாச்சி அதை விட்டுவிட்டார். முதலாளி கேட்டதற்கு, “பேரு மட்டும் தனியா நிக்கட்டுமே முதலாளி, பாக்க நல்லாருக்குல்லா” என்றாராம். கல்யாண மாப்பிள்ளையின் கிறுக்கு என்று எல்லோரும் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

சீரோடு சீராக இல்லாமல், தன் பழைய சேலையில் சுற்றி மதினி தனியாகக் கொண்டுவந்தது ஒரு தட்டு. எனாமல் தட்டு, உள்ளே இரும்பு, மேலே வெள்ளைப் பூச்சு, விளிம்பில் நீலக் கோடு. அவள் அப்பா வாலிபத்தில் கொழும்பில் மூட்டைக் கடையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பும்போது வாங்கி வந்தது. அதன் நடுவில் அந்தக் காலத்து ஏரோப்ளேன் படம். இப்போது பேப்பரில் பார்க்கிறோமே, அந்த மாதிரி மீன் போன்ற விமானம் இல்லை. கட்டிலுக்கு மேல் கட்டில் போட்ட மாதிரி இரண்டு அடுக்கு இறக்கை, நடுவில் குச்சிகள், குறுக்கும் நெடுக்கும் கம்பி. மேலே கூரை கிடையாது. கண்ணாடி போட்ட ஒரு வெள்ளைக்காரன் திறந்த குழியில் உட்கார்ந்து கையைத் தூக்கியிருப்பான். கீழே புல்வெளியில் ஒரு பெண் கைக்குட்டையை ஆட்டிக்கொண்டு நிற்பாள்.

சின்னப் பிள்ளையிலிருந்து மதினி அதில்தான் சாப்பிட்டிருக்கிறாள். இங்கே வந்த பிறகும் அதில்தான். சோற்றை ஒரு பக்கமாக ஒதுக்கி ஒதுக்கி, கடைசியில் ஏரோப்ளேன் தெரிந்ததும் நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் படத்தை வைத்துப் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஓயாத வழக்கு ஒன்று உண்டு.

“அவன் ஊருக்குப் போறான். அதான் அவ டாட்டா காட்டுதா” என்பாள் மதினி.

“போறவன் எதுக்குட்டி இப்படிச் சிரிக்கான்? அவன் வந்து இறங்குதான். அவ வா வான்னு கூப்பிடுதா” என்பார் அண்ணாச்சி.

“ஆமா, நீரு போய்ப் பக்கத்துல நின்னு பாத்தீரு.”

எங்கள் பரமசிவன் கடையில் புதுப் பாத்திரம் வாங்க வருகிறவர்கள் பழையதை எடைக்குப் போடுவார்கள். கொழும்பு, ரங்கூன் என்று போய்வந்தவர்கள் வீட்டுச் சாமான் எத்தனையோ அப்படி வந்து விழும். நல்லதாக இருப்பதைப் பட்டறையில் பாலிஷ் சக்கரத்தில் பிடித்து, பழைய பெயரை அழித்துவிட்டு மறுபடி விற்பார்கள். வெட்டுவது போலவே அழிப்பதும் அண்ணாச்சியின் வேலைதான். அந்தக் குவியலைக் கிளறும்போது ஒரு நாள் ஒரு பித்தளை வெற்றிலைப் பெட்டி அகப்பட்டது. மூடியில் அதே இரண்டு அடுக்கு ஏரோப்ளேன், புடைப்பாக. அண்ணாச்சி விடுவாரா? முதலாளியிடம் காசு கொடுத்து எடுத்து, யாரோ ஒருத்தியின் பெயரைச் சக்கரத்தில் தேய்த்துவிட்டு, ‘முப்பிடாதி’ என்று வெட்டிக்கொண்டு வந்தார்.

அன்றைக்கு மதினி அழுதாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. “என்ன மதினி, ஒரு வெத்தலப் பெட்டிக்கா?” என்றேன்.

“பெட்டிக்கு இல்லட்டி. எங்க வீட்டுல மம்பட்டில இருந்து மாட்டு மணி வரைக்கும் அண்ணன்மாரு பேருதான். சீர்ல போட்டது கூட எங்கய்யா போடச் சொல்லிப் போட்டது. எனக்குன்னு ஒருத்தரு ஆசையா என் பேரப் போட்டது இதான்” என்றாள்.

அதற்குப் பிறகு வரிசையாக வந்துகொண்டே இருந்தது. மூக்குப்பொடி டப்பி ஒன்று. கட்டைவிரல் அகலம்தான், அதில் நூல் மாதிரி ஏரோப்ளேன் கீறியிருக்கும். கடலைத் தாண்டிப் பறக்கிற விமானம் போட்ட பிஸ்கட் டின். ஏரோப்ளேனின் மூக்கு விசிறியைப் போலவே செய்த ஒரு சிகரெட் சாம்பல் தட்டு. எந்தத் துரை எந்தத் தேயிலைத் தோட்டத்தில் தட்டினானோ, மதினி அதில் கோலப்பொடி வைத்தாள். அப்புறம் படம் போட்ட பித்தளை டம்ளர்கள், சீப்புப் பெட்டி, சிமிழ். சுவரில் பலகை அடித்து அடுக்கி, வெள்ளிக்கிழமைதோறும் புளி போட்டு விளக்குவாள். எல்லாவற்றிலும் ‘முப்பிடாதி’. அவர்கள் வீட்டுக்குள் போனால் பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடுகிற மாதிரி இருக்கும்.

பிள்ளை இல்லை. ஆடித்தபசுக்குக் கொடியேறியதும் காலையும் மாலையும் போய்க் கோவிலைச் சுற்றிவிட்டு, கால் வீங்கி வந்து உட்காருவாள். அண்ணாச்சி எண்ணெய் தேய்த்துவிடுவார். வளவில் ஒருத்தரும் பார்க்கக்கூடாதென்று கதவைச் சாத்திக்கொள்வார், எங்களுக்கெல்லாம் தெரியும்.

பெயர் இல்லாமல் இருந்தது அந்த எனாமல் தட்டு ஒன்றுதான். “இதுலயும் போடுங்களேன்” என்று மதினி கேட்காத நாள் இல்லை. அண்ணாச்சி ஒரேயடியாக மறுத்துவிடுவார். எனாமலில் உளி வைத்தால் பூச்சு சில்லுச் சில்லாகத் தெறித்துவிடும். உள்ளே இரும்பு, தண்ணீர் பட்டால் துரு ஏறும். “தட்டு கெட்டுரும்ட்டி. உன் தட்டுல நானே துருவ ஏத்தணுமா?” என்பார். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். மறுநாள் மறுபடி கேட்பாள்.

எழுபத்தொன்பது புரட்டாசியில் மதினிக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். கண் மஞ்சளாகி, நகம் மஞ்சளாகி, பிறகு பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனார் அண்ணாச்சி. போகும்போது நடந்து போய்ப் பஸ் ஏறியவள், திரும்பும்போது வேனில் படுத்துக்கொண்டு வந்தாள். என்னால் இன்றைக்கும் அதை விரித்துச் சொல்ல முடியாது. போய்விட்டாள், அவ்வளவுதான். நாற்பது வயது கூட ஆகவில்லை பாவிக்கு.

சுடுகாட்டிலிருந்து திரும்பியதும் மதினியின் பெரிய அண்ணன் வீரபாண்டி, “பதினாறாம் நாளு வந்து சாமான எடுத்துக்கிடுதோம் மாப்ளே” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கெட்டவர் இல்லை. தைக்கு அவர் மகளுக்குக் கல்யாணம். பிள்ளை இல்லாமல் போனவள் சீர் திரும்ப வேண்டும் என்பது முறை. முறைதான். அதை எவன் எழுதினானோ அவன் வாயில் மண்ணைப் போட வேண்டும் என்று நான் அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன்.

அண்டாவும் குடமும் போகட்டும். பலகையில் இருக்கிற ஏரோப்ளேன் சாமான்கள்? அவை எல்லாம் அண்ணாச்சி தன் காசில் வாங்கி வந்தவை. ஆனால் பெயர் அவளுடையது. சீர்ப் பாத்திரத்தில் வெட்டிய அதே பெயர், அதே எழுத்து, முதலெழுத்து இல்லாத அதே ஒற்றைப் பெயர். எது அப்பா கொடுத்தது, எது புருஷன் கொடுத்தது என்று பிரம்மாவாலும் பிரிக்க முடியாது. ஊருக்கெல்லாம் இந்த முறைக்காகவே பெயர் வெட்டிய மனுஷன், தன் வீட்டில் ஆசையில் வெட்டியபோது மட்டும் அதை நினைக்கவே இல்லை.

நான் பொறுக்க மாட்டாமல் போய்ச் சொன்னேன். “அண்ணாச்சி, ஊர்ப்பட்ட பேர அழிச்ச ஆளுதான நீங்க? எல்லாத்தையும் பட்டறைக்குக் கொண்டு போயிச் சக்கரத்துல பிடிங்க. பேரில்லன்னா ஒருத்தரும் தொட முடியாது. மதினி ஞாபகமா உங்களுக்கு என்ன இருக்கு?”

அவர் சரி என்று தலையை மட்டும் ஆட்டினார். பரமசிவன் முதலாளியும் ஆள் அனுப்பி அதையே சொன்னார் போலிருக்கிறது. பட்டறையில் நடந்ததை முதலாளி பின்னால் என்னிடம் சொன்னார். அண்ணாச்சி பையில் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு வந்தாராம். சக்கரத்தை ஓடவிட்டார். முதலில் அந்த வெற்றிலைப் பெட்டியை எடுத்தார். கையை நீட்டினார். அப்படியே நின்றார். சக்கரம் ஓடிக்கொண்டே இருந்ததாம்.

“பிடியும்வே, கரண்ட் வீணாப் போவுது” என்று முதலாளி சொல்லியிருக்கிறார்.

“எத்தனயோ பொம்பளயாளு பேர அழிச்சிருக்கேன் முதலாளி. ஒருத்தி முகமும் எனக்குத் தெரியாது. இது என் கையால போட்ட பேரு. அவள எரிச்சது பத்தாதா? பேரயும் நானா அழிக்கணும்?” என்று சொல்லிவிட்டு, சக்கரத்தை நிறுத்தி, பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். வந்து பழையபடி பலகையில் அடுக்கினார். நான் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன், ஒவ்வொன்றாக வைக்கிற சத்தத்தை.

பதினாறாம் நாள் வீரபாண்டியும் அவர் ஆட்களும் வண்டி கொண்டுவந்தார்கள். அண்டா, குடம், தவலை எல்லாம் முற்றத்துக்கு வந்தது. பெயரைத் தடவிப் பார்த்துத் தடவிப் பார்த்து ஏற்றினார்கள். பிறகு பலகைப் பக்கம் வந்தார்கள்.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. “அண்ணே, அதெல்லாம் எங்க அண்ணாச்சி வாங்கினது. உங்க வீட்டுச் சீரு இல்ல” என்றேன்.

வீரபாண்டி பிஸ்கட் டின்னைத் திருப்பிப் பார்த்தார். “அப்பம் எங்க தங்கச்சி பேரு இதுல எதுக்கும்மா கிடக்கு?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டார். அண்ணாச்சி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பார் என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

அண்ணாச்சி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். “பேரு இருக்கதெல்லாம் அவளோடதுதான். எடுத்துக்கிடுங்க” என்றார்.

மூக்குப்பொடி டப்பி கூட மிஞ்சவில்லை. சாம்பல் தட்டில் இருந்த கோலப்பொடியைத் தரையில் கொட்டிவிட்டு எடுத்துக்கொண்டார்கள். கடைசியாக அடுப்படியில் கவிழ்த்து வைத்திருந்த எனாமல் தட்டு ஒருவன் கையில் வந்தது. முன்னாலும் பின்னாலும் பார்த்தான். “இதுல பேரில்லண்ணே” என்றான்.

“பேரில்லன்னா அது மாப்ள வீட்டுத் தட்டுதான். வச்சிரு” என்றார் வீரபாண்டி.

அந்த வீட்டிலேயே பனவடலிசத்திரத்திலிருந்து வந்த பழம்பொருள் அது ஒன்றுதான். அவர் அப்பா கொழும்பிலிருந்து கொண்டுவந்தது. கூடப் பிறந்தவள் பிறந்ததிலிருந்து சாப்பிட்ட தட்டு. அது அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தங்கச்சி எந்தத் தட்டில் சாப்பிட்டாள் என்று எந்த அண்ணன் பார்த்திருக்கிறான்? அண்ணன்மார் சாப்பிட்டு எழுந்த பிறகுதானே அவள் உட்கார்ந்திருப்பாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

வண்டி போன பிறகு வீடு வெறிச்சென்று கிடந்தது. பலகையில் சாமான் இருந்த இடத்தில் வட்ட வட்டமாகத் தடம் மட்டும் இருந்தது. நான் மனதுக்குள், தட்டாவது தப்பித்ததே, அது போதும் என்று சமாதானம் செய்துகொண்டிருந்தேன். அப்போது அடுத்த வீட்டில் டொக் டொக்கென்று சத்தம் கேட்டது.

ஓடிப் போய்ப் பார்த்தால், அண்ணாச்சி முற்றத்தைப் பார்க்க உட்கார்ந்து, எனாமல் தட்டைச் சாக்கின் மேல் வைத்து உளியால் வெட்டிக்கொண்டிருக்கிறார். வெள்ளைச் சில்லு அவர் வேட்டியெல்லாம் தெறித்துக் கிடந்தது. கைக்குட்டை ஆட்டுகிற பெண்ணின் காலடியில் ‘முப்பிடா’ வரைக்கும் வந்திருந்தது. என்றைக்கும் அச்சு மாதிரி இருக்கிற எழுத்து, பல்லுப் பல்லாகப் பிளந்து கறுப்பாகத் தெரிந்தது.

“ஐயோ அண்ணாச்சி, துருப் பிடிச்சிருமே! நீங்கதான சொல்லுவிய?” என்று கத்தினேன்.

“அவ கேட்டுக்கிட்டே இருந்தாம்மா” என்றார். நிமிராமல் கடைசி எழுத்தையும் வெட்டினார்.

அதற்குப் பிறகு அவர் பல வருஷம் இருந்தார். வேறு கல்யாணம் பேசி வந்தார்கள், வாசலோடு அனுப்பிவிட்டார். எண்பத்தி மூன்றோ நாலோ, கடைக்குக் கரண்டில் பெயர் எழுதுகிற மிஷின் வந்தது. அதையும் கற்றுக்கொண்டு வேலை பார்த்தார். குடிக்கவில்லை, சாமியாராகவில்லை. காலையில் போவார், சாயங்காலம் வருவார், பொங்கித் தின்பார். அந்தத் தட்டில்தான் தின்பார். வீரபாண்டி மகள் கல்யாணத்துக்கும் போனார். மணவறைப் பக்கத்தில் சீரோடு சீராக அந்த வெற்றிலைப் பெட்டியும் இருந்ததாம், மூடியில் ஏரோப்ளேனோடு. பெயரை அழித்து அந்தப் பெண்ணின் பெயரை வெட்டியிருந்தார்களாம். “வேற எங்கயோ குடுத்து வெட்டிருக்காவ. எழுத்து நல்லால்ல” என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

தட்டு அவர் சொன்னபடியே ஆயிற்று. முதலில் எழுத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு. பிறகு அது படர்ந்து புல்வெளியைத் தின்றது. அந்தப் பெண்ணின் கால் போயிற்று, பாவாடை போயிற்று, கைக்குட்டை பிடித்த கையும் போயிற்று. மேலே அவன் மட்டும் கையைத் தூக்கிக்கொண்டு இருந்தான். ஒரு நாள் ரசம் வைத்திருந்தேன். அண்ணாச்சிக்குக் காய்ச்சல் என்று கொண்டுபோனேன். அவர் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரசத்தை ஊற்றப் போனேன். தட்டைச் சட்டென்று நகர்த்திக்கொண்டார்.

“டம்ளர்ல ஊத்தும்மா. இதுல நிக்காது.”

குனிந்து பார்த்தேன். பெயர் இருந்த இடத்தில் ஓட்டை விழுந்திருந்தது. அடியில் தரை தெரிந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. யார் மேல் ஆத்திரம் என்றும் தெரியவில்லை. “இந்த ஓட்டத் தட்ட இன்னும் வச்சிக் கட்டி அழணுமா? ஊருக்கெல்லாம் பாத்திரம் விக்கிற கடையில இருக்கிய, உங்களுக்கு ஒரு தட்டு கிடைக்கலியா? அன்னைக்கே வெட்டாதிய வெட்டாதியன்னு நான் தலபாடா அடிச்சேன்லா?” என்று பொரிந்து தள்ளினேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சோற்றை ஏரோப்ளேன் பக்கமாக ஒதுக்கி வைத்தார்.

“அவ ஒவ்வொரு நாளும் கேட்டா. நான் தட்டு கெட்டுருமேன்னுதான் யோசிச்சேன். தட்டு இருக்கும், அவ இருக்க மாட்டான்னு எனக்கு ஒரு நாளாவது தோணிச்சாம்மா?” என்றார்.

நான் டம்ளரைத் தேடினேன். அவர் வீட்டில் டம்ளர் எதுவும் இல்லை, எல்லாம் அன்றைக்கு வண்டியில் போனதுதான். என் வீட்டிலிருந்து ஒன்றை எடுத்து வந்து, ரசத்தை ஊற்றி அவர் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.